நோட்டுக் கோலம்: மனசு லேசாக 24 குறிப்புகள்

புதுச்சேரியில் வழி சொல்வது சுலபம். "நேரா போங்க, மூணாவது வீதியில சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்றால் புதிதாக வந்தவர்கூட வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் நேர்நேரான வீதிகளுக்குத் திட்டம் போட்டார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே விரித்துக் கட்டினார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. இரண்டுமே கட்டம் கட்டமாகத்தான் இருக்கின்றன. விடியற்காலையில் தமிழர் பகுதியில் நடந்தால், அந்தக் கட்டத்துக்குள் வாசலுக்கு வாசல் இன்னொரு கட்டம் தெரியும். அது புள்ளிக் கோலம்.

மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு வாசல் என்பது ஒரு மிதியடி அகலம்தான். அவர்களுக்காகவும், குனிந்து கோலம் போட முடியாதவர்களுக்காகவும் இந்தக் குறிப்புகள். அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்ற இருவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஜென்டாங்கிள்' என்ற பெயரில் இப்படி ஒன்றைப் பரப்பினார்கள். மூன்றரை அங்குலச் சதுரத் தாளில் ஒரே மாதிரிக் கோடுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பும் பழக்கம் அது. அதன் முதல் வேலை என்ன தெரியுமா? நான்கு மூலையிலும் நான்கு புள்ளி வைப்பது! நம் வீட்டுப் பெண்களுக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அடுத்து என்ன வரையலாம்" என்ற யோசனையைக் கட்டமே பார்த்துக்கொள்ளும். கை மட்டும் ஓடினால் போதும், மனசு தானாக ஆறும். கீழே வருபவை எல்லாம் அந்த ஒரு வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளத்தான்.

தாள், பேனா

1. பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு மூலையும் ஒரு புள்ளி. ஸ்கேல் வேண்டாம், அளவு வேண்டாம். பெரிய கட்டமுள்ள நோட்டு தொடக்கத்துக்கு நல்லது. சின்னக் கட்ட நோட்டு கிடைத்தால் ஒன்றுவிட்டு ஒரு மூலையில் புள்ளி வையுங்கள். கிராஃப் தாள் வேண்டாம்; மில்லிமீட்டர் கோடுகள் கண்ணைக் கூச வைக்கும்.

2. பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அடுத்த முறை வரும்போது சாக்லேட்டோடு ஒரு பள்ளி நோட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். அங்கே பிள்ளைகள் எழுதுவது 'செயெஸ்' கோடு போட்ட நோட்டில். பொந்துவாஸ் ஊர்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் 1892-இல் கொண்டுவந்த அமைப்பு அது. 8 மில்லிமீட்டருக்கு ஒரு நெடுங்கோடு. குறுக்கே 2 மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு. நான்காவது கோடு மட்டும் அழுத்தம். அழுத்தக் கோடும் நெடுங்கோடும் வெட்டும் இடத்தில் புள்ளி வைத்தால், நடுவிலுள்ள மெல்லிய கோடுகள் வளைவின் உயரத்தைக் காட்டிக் கொடுக்கும். எல்லா வளைவும் ஒரே அளவாக வரும்.

3. பரிசாகக் கொடுக்க நினைத்தால் கைக்காகிதம் வாங்குங்கள். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது. சொரசொரப்பான பக்கத்தில் மெல்லிய முனைப் பேனா சிக்கும், மை பரவும். ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, வழவழப்பான பக்கத்தில் வரையுங்கள்.

4. பேனா ஒன்று போதும். பால் பாயின்ட் பேனா மலிவு, தண்ணீர் பட்டாலும் சட்டென்று கரையாது. ஜெல் பேனா கருமையாக வரும். ஆனால் காயும் முன் கை பட்டால் இழுவிவிடும். ஜெல் பேனாவானால் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக வரையுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் வலமிருந்து தொடங்க வேண்டும். மசி ஊற்றும் பேனாவை மழைக்காலத்தில் தொடவே வேண்டாம்.

5. நோட்டைத் தட்டையாக மேசைமேல் வைக்காமல் பரீட்சை அட்டையில் செருகி, அட்டையின் தலைப்பக்கம் இரண்டு புத்தகத்தை முட்டுக் கொடுங்கள். கழுத்து குனியாது. வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் சொந்தக் கையின் நிழலே புள்ளியை மறைக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புள்ளி வைக்கும் முறை

6. கோடு தொடங்கும் முன் எல்லாப் புள்ளியையும் வைத்து முடித்துவிடுங்கள். போகப் போக வைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால் பாதியில் எண்ணிக்கை இடிக்கும், எண்ணுகிற கவலை மறுபடி வந்து உட்காரும்.

7. நேர்ப்புள்ளிக்குக் கட்ட நோட்டு அப்படியே பொருந்தும். 7 புள்ளியில் தொடங்கி 1 வரை என்றால் நடுவில் 7, மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. நடு வரிசையைத்தான் முதலில் வைக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி வரிசை தாளுக்கு வெளியே போய்விடும்.

8. ஊடுபுள்ளிக்கு ஒரு சின்ன வித்தை. நடு வரிசையில் 2, 4, 6, 8 ஆகிய நெடுங்கோடுகளில் புள்ளி. அதற்கு மேல் வரிசையில் 3, 5, 7-இல் புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவே மூன்றாவது தானாக உட்காரும். வரிசைகளுக்கு நடுவே இரண்டு கட்டம் விட்டால் உருவம் அமுங்காமல் வரும்.

9. எடுத்த எடுப்பில் 15–8 ஊடுபுள்ளிக்குப் போகாதீர்கள். அதில் 169 புள்ளி இருக்கிறது. புள்ளி வைப்பதற்குள் பால் பொங்கிவிடும். 7–4 என்றால் 37 புள்ளி, 5–3 என்றால் 19 புள்ளி. கால் மணி நேரத்துக்கு இவைதான் சரியான அளவு.

சிக்குக் கோலத்தை எளிதாக்க

10. 'எங்கே வளைப்பது, எங்கே வெட்டுவது' என்று திகைப்பவர்களுக்கு இது: இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுங்கள், படுக்கைவாக்கிலும் செங்குத்தாகவும். மொத்தம் 7 குறி வரும். இப்போது ஒவ்வொரு குறியின் கையையும் பக்கத்துக் குறியின் கையோடு, புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்துச் சேருங்கள். ஓரத்துப் புள்ளிக்கு வெளிப்பக்கம் குறி இருக்காது. அங்கே கோடு புள்ளியை வளைத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். முடித்துவிட்டு விரலால் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். முழுக் கோலமும் ஒரே கம்பி!

11. எத்தனை கம்பி வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு உண்டு. வரிசைகள் எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை என்று பாருங்கள். இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை தனித்தனிக் கம்பி. 3-க்கு 4 என்றால் ஒன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 என்றால் ஐந்து. எல்லா இடைவெளியிலும் பெருக்கல் குறி போட்ட செவ்வகக் கோலத்துக்கு இது தப்பாது. ஒரே கோட்டில் ஓட ஆசைப்படுகிறவர்கள் 3–4, 3–5, 4–5 என்று தேர்ந்தெடுங்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துப் போடும் 'சோனா' படங்களிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது.

12. மூன்றுக்கு மூன்று புள்ளியில் மூன்று கம்பி வரும். அதையும் ஒன்றாக்கலாம். மேல் வரிசையிலுள்ள இரண்டு பெருக்கல் குறிகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெட்டிக்கொள்ளாத இரண்டு கோடு போடுங்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று. மற்ற 10 குறியும் அப்படியே இருக்கட்டும். மூன்று கம்பியும் இணைந்து ஒன்றாகிவிடும். இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வெட்டை எடுத்தால் அவை சேர்ந்தே தீரும் என்பதுதான் காரணம். இது தெரிந்துவிட்டால் எந்தச் சிக்குக் கோலத்தையும் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றலாம்.

13. சரிபார்க்க மூன்று கேள்வி: எல்லாப் புள்ளியும் கோட்டுக்குள் அடைபட்டதா? எங்காவது கோட்டின் நுனி தொங்குகிறதா? கோடு ஏதாவது புள்ளியை மிதித்ததா? வேறு நிறப் பேனாவால் ஒரு கம்பியைத் தொடர்ந்து போனால் விட்டுப்போன இடம் உடனே தெரியும்.

14. அக்காவோ சின்னம்மாவோ போனில் கோலம் கேட்டால் படம் அனுப்பாமல் சொல்லியே தரலாம். புள்ளிக் கணக்கைச் சொல்லி, பிறகு ஒவ்வொரு இடைவெளிக்கும் 'வெட்டு', 'ஒதுங்கு' என்று வரிசையாகச் சொல்லுங்கள். கோலத்தை இப்படி விதிகளாக எழுதலாம் என்பது கல்லூரி வரை போன விஷயம். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். உலக அளவில் கணினிக்காரர்கள் கோலத்தைத் திரும்பிப் பார்க்க அது ஒரு காரணம்.

தரை ஓட்டு வகைகள்

15. கோலம் வராது என்பவர்களுக்குத் தாயக்கட்டை கை கொடுக்கும். கட்ட நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை கோடு போட்டு இரண்டாக்கி, ஒரு பாதியைக் கறுப்பாக்க வேண்டும். எந்தப் பாதி என்பதைக் கட்டை சொல்லட்டும். ஒன்று விழுந்தால் மேல் இடது மூலை கறுப்பு, இரண்டுக்கு மேல் வலது, மூன்றுக்குக் கீழ் வலது, வெறும் பக்கத்துக்குக் கீழ் இடது. ஒரு கட்டை போதும். அதற்கு நான்கு முகம், கட்டத்துக்கு நான்கு மூலை. பிரெஞ்சுப் பாதிரியார் செபாஸ்தியன் த்ருஷே இரு வண்ணத் தரை ஓடுகளை எத்தனை விதமாகப் பதிக்கலாம் என்று 1704-இல் கணக்குப் போட்டு எழுதியது இந்த வடிவத்தைப் பற்றித்தான்.

16. வளைவு பிடிக்குமானால் இன்னொரு வகை. கட்டத்தின் எதிரெதிர் மூலைகளில், பக்கத்தின் நடுவைத் தொடுகிற மாதிரி மூலைக்கு ஒரு கால்வட்டமாக இரண்டு போடுங்கள். காசைச் சுண்டிப் பூ விழுந்தால் இந்த இரு மூலை, தலை விழுந்தால் அந்த இரு மூலை. எப்படிப் போட்டாலும் பக்கத்துக் கட்டத்தின் கோட்டோடு சேர்ந்துகொள்ளும். முடிவில் சில இடத்தில் வட்டம், சில இடத்தில் நெளிவு. தப்பு என்பதே இதில் கிடையாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடைவேளையில் கொடுக்க ஏற்றது.

17. பழைய வீடுகளின் பூப்போட்ட சிமென்ட் தரை ஓடுகள் நல்ல மாதிரிகள். தெரிந்தவர் வீட்டில் அனுமதி கேட்டு, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வாருங்கள். முழுப் பூவையும் வரையத் தேவையில்லை. பெரும்பாலும் ஒரு ஓட்டில் இருப்பது கால் பூதான். நான்கு ஓடு சேர்ந்தால் முழுப் பூ. அந்தக் காலை மட்டும் நாலுக்கு நாலு கட்டத்தில் வரைந்து, நோட்டைக் கால் சுற்றுத் திருப்பித் திருப்பி நான்கு முறை போடுங்கள். பேனாவின் திசை மாறாததால் நான்கும் ஒரே மாதிரி வரும்.

18. கோடு முடிந்ததும் தட்டையாகத் தெரிந்தால் பென்சிலை எடுங்கள். ஒரு கோடு இன்னொன்றுக்கு அடியில் போகும் இடத்தில் லேசாகத் தேய்த்து, காதுக்குப் பஞ்சு சுற்றும் குச்சியால் இழுத்துவிடுங்கள். கம்பி மேலும் கீழுமாய்ப் பின்னியது போலத் தூக்கிக் காட்டும். மை நன்றாகக் காய்ந்த பிறகே செய்ய வேண்டும்.

மனசுக்காக

19. நேரத்தைப் படத்தால் அளக்காமல் கடிகாரத்தால் அளங்கள். கால் மணி ஆனதும் பாதியில் இருந்தாலும் மூடிவிடுங்கள். மிச்சக் கட்டம் நாளைக்கு. முடித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும், சமையலறை வேலையோடு சேர்ந்து நிற்கும்.

20. வெள்ளைத் தாளைப் பார்த்தாலே பதற்றம் வருகிறதா? உங்களுக்கு மட்டும் அல்ல. 2005-இல் அமெரிக்காவில் கரி, காசர் என்ற இருவர் 84 மாணவர்களிடம் சோதித்தார்கள். வட்ட மண்டலத்துக்கோ கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களுக்குப் படபடப்பு குறைந்தது. வெற்றுத் தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. 2012-இல் வேறு இருவர் திரும்பச் செய்தபோது மண்டலம் உதவியது, கட்டம் அவ்வளவாக உதவவில்லை. ஆகவே இரண்டையும் செய்து பாருங்கள். ஒரு வாரம் கட்டக் கோலம், ஒரு வாரம் நடுவிலிருந்து விரியும் வட்டக் கோலம். எது உங்கள் தோளை இறக்குகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

21. வங்கிக்கோ கேஸ் ஏஜென்சிக்கோ போன் போட்டுக் காத்திருக்கும் நேரத்தில், கட்டத்தை ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்குங்கள். கவனம் சிதறும் என்று பயப்பட வேண்டாம். 2010-இல் வெளியான ஜாக்கி ஆண்ட்ரேடின் ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே வடிவங்களை நிரப்பியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 40 பேர்தான். ஆனாலும் போனில் காத்திருப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. சிக்குக் கோலம் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். அதற்கு மூளை வேண்டும்.

22. கோடு பிசகினால் தாளைக் கிழிக்காதீர்கள். பிசகிய கோட்டைத் தடிமனாக்கி, எதிர்ப் பக்கத்திலும் அதே தடிமனைக் கொடுத்தால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். வெளியே போய் வரையவும் பழகுங்கள். மாலை 6 மணிக்கு மேல் வண்டி ஓடாத பீச் ரோட்டுத் திண்டு நல்ல இடம். கடற்காற்றுக்கு நோட்டின் இரண்டு ஓரத்திலும் துணி கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: தூக்கம் பல நாளாகக் கெட்டிருந்தாலோ, பயமும் சோர்வும் வேலையைத் தடுத்தாலோ, கோலம் மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்குக் கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நோட்டும் வாசலும்

23. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் நோட்டு நமத்துப்போகும், மை பூக்கும். மூடி இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு இரண்டு. பழைய பக்கத்தின் மேல் நாளும் புள்ளிக் கணக்கும் எழுதி வைத்தால் தேடுவது சுலபம்.

24. மழை விட்டு மார்கழி பிறக்கும்போது நோட்டிலிருந்து பத்துக் கோலமாவது தேறியிருக்கும். தரைக்கு மாற்ற அளவுகோல் தேவையில்லை. நோட்டில் ஒரு கட்டம் என்பது தரையில் நான்கு விரல்கடை. விரலை வைத்து வைத்துப் புள்ளி இடுங்கள். அடுக்குமாடி வராந்தாவில் டைல்ஸ் இருந்தால் இணைப்புக் கோடுகளே கட்டம். கோலமாவு வழுக்கி நகரும் என்பதால் பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் துணி நனைத்துப் போடுங்கள். சாக்பீஸ் என்றால் தண்ணீரில் தோய்த்து எழுதினால் காய்ந்தபின் பளிச்சென்று தெரியும். குனிய முடியாத பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து 'வெட்டு', 'ஒதுங்கு' என்று சொல்ல, பேத்தி போடட்டும். இரண்டு பேருக்கும் கால் மணி நேரம் ஒன்றாகக் கழியும்.